பாதி வாத்தியார் வீட்டம்மா

முப்பத்துநாலு வருஷம் அவள் காதில் இங்கிலீஷ் விழுந்துகொண்டே இருந்தது. அடுப்படிக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் கணவர் நாற்பது பேரை உட்கார வைத்துக் கத்துவார். இந்தப் பக்கம் இவள் பாத்திரம் தேய்ப்பாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒதுங்காதவள். கையெழுத்து என்றால் பெருவிரல். இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி காதை மூடிக்கொள்ள முடியுமா?

படிக்க வந்தவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள். காரோட்டிகள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவர்கள், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வியர்வை காயாமல் வந்து பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவார்கள். இலக்கணம் கிலக்கணம் ஒன்றும் அவர்களுக்கு வேண்டாம். முதலாளி சொன்னால் புரிய வேண்டும், திருப்பி நாலு வார்த்தை சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தோதாக வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். பாதியைத்தான் அவர் சொல்வார். மீதியை வகுப்பு சொல்ல வேண்டும்.

"சேஃப் அண்ட்..." என்று நிறுத்துவார்.

"சவுண்ட்!" என்று நாற்பது தொண்டை.

"சிக் அண்ட்..."

"டயர்டு!"

"கிவ்..."

"அப்!"

பாதியைப் போட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, சாக்கட்டியை நீட்டியபடி நிற்பார். மீதி வந்து சேரும்வரை மூச்சுகூட விடமாட்டார். வந்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கட்டின மனைவி எத்தனை வகையாகச் சமைத்துப் போட்டும் அந்த வெளிச்சத்தை ஒருநாளும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பார்த்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயர் பாதி வாத்தியார். இவள் பாதி வாத்தியார் வீட்டம்மா. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது.

அர்த்தம் சொல்லித் தரும் நாளில்தான் வகுப்பில் ரகளை. ஒருதரம் ஒரு காரோட்டி எழுந்து நின்றுவிட்டான்.

"சார், கிவ்னா குடு. அப்னா மேலே. ரெண்டும் சேர்ந்தா விட்டுடுன்னு எப்படி சார் வரும்? மேலேயும் குடுக்கல, கீழேயும் குடுக்கலையே."

"உங்க தெருவுல சமீபத்துல யாராவது செத்துப் போனாங்களா?" என்று கேட்டார் வாத்தியார்.

"பக்கத்து வீட்டுப் பெரியவரு போன வாரம் செத்துப் போயிட்டாரு சார்."

"எங்க போனாரு? நடந்தா, வண்டியிலயா?"

பெஞ்செல்லாம் குலுங்கியது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"தூங்கிப் போயிட்டேன்ங்கற. படுக்கையிலதான கெடந்த, எங்க போன? எழுதித் தள்ளிட்டேன்ங்கற. யாரைத் தள்ளின, எந்தக் குழியில தள்ளின? உனக்குத் தெரியுது, ரெண்டும் சேர்ந்தா அது வேற சொல்லு. இங்கிலீஷ்காரனுக்கும் அப்படித்தான்யா. பிரிச்சுப் பார்த்தா ஒண்ணும் கெடைக்காது. சேர்த்து முழுங்கு."

ஜோடிச் சொல்லுக்கும் இதே கதைதான். "நோய் நொடின்னு சொல்றோம். நொடி நோய்னு எவனாவது சொல்வானா? வீடு வாசல். வாசல் வீடுன்னு சொல்லிப் பாரு, சிரிப்பாங்க. சவுண்ட் அண்ட் சேஃப்னு நீ போய்ச் சொன்னா அவனும் அப்படித்தான் சிரிப்பான். முன்னாடி நிக்கறது முன்னாடி, பின்னாடி நிக்கறது பின்னாடி. புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"பின்னாடி நிக்கறவளுக்குத்தான் கரிப்பாத்திரம்" என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து குரல் போயிற்று. நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாதிக்குத் தாவினார்.

வாய் இப்படி நீளமே தவிர, அந்த வீட்டில் ஒரு முடிவுகூட அவள் எடுத்ததில்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்க எந்த நிற நூல் என்பதையும் அவர்தான் சொல்வார். மகள் கல்யாணத்துக்கு இவள் என்ன புடவை கட்டுவது என்பதையும் அவர்தான் சொன்னார். வாயெல்லாம் இவளுடையது, முடிவெல்லாம் அவருடையது. நாற்பத்தெட்டு வருஷம் குடும்பம் அப்படியே ஓடிவிட்டது.

எழுபத்தோராவது வயதில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷும் கையுமாகச் சாய்ந்தார். பக்கவாதம். வலது கை விழுந்தது, வலது கால் இழுத்துக்கொண்டது, முகத்தில் ஒரு பாதி செத்துத் தொங்கியது. பேச்சு சுத்தமாகப் போயிற்று. தமிழ் ஒரு சொல் இல்லை. தண்ணீர் என்று சொல்ல வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சேஃப் அண்ட்..."

"சவுண்ட்" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். சொன்ன பிறகுதான் துணி கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தால், உயிரோடு இருந்த அந்தப் பாதி முகத்தில் அதே வெளிச்சம்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "யோசிச்சு அடுக்கிப் பேசற எடத்துல அடி விழுந்திருக்கும்மா. தினம் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு போன சொல்லு மட்டும் வேற எங்கேயோ தப்பிச்சுக் கெடக்கும். அதுதான் வருது. அவரு நெனைச்சுச் சொல்றாருன்னு எடுத்துக்க முடியாது."

"நாப்பத்தெட்டு வருஷமா தினம் என்னை 'இந்தா'ன்னு கூப்பிட்டாரு. அது தப்பிச்சுக் கெடக்கலையா?"

டாக்டரம்மா சீட்டில் மருந்தை எழுதினாள்.

வீட்டுக்கு வந்தார்கள். எட்டு மாதம் பாதியும் மீதியுமாகவே போயிற்று. காலையில் கண் விழித்ததும் "சேஃப் அண்ட்..." என்பார். இவள் "சவுண்ட்" என்பாள். தூக்கி உட்கார வைக்கும்போது "கெட்..." என்பார். "அப்" என்பாள். அர்த்தம் தெரிந்தா சொன்னாள்? அவள் காதில் இருந்ததெல்லாம் வெறும் ராகம். கிளை முறியும்போது என்ன சத்தம் வரும் என்று தெரிகிற மாதிரி, எந்தப் பாதிக்கு எந்த மீதி என்று தெரியும். மீதி தப்பாமல் வந்துவிட்டால் அவர் ஒரு வாய் கூடச் சாப்பிட்டார். அது போதாதா?

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோவில் பார்த்து மூக்கைச் சிந்தினாள். "அம்மா, நீ இங்கிலீஷ் பேசற!"

"பேசலடி. கிணத்துல எட்டிப் பார்த்துக் கத்தினா திரும்பி வருமே, அந்த மாதிரி."

மற்றபடி எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். காப்பி வேணுமா என்றால் ஆட்டுவார். வேணாமா என்றாலும் ஆட்டுவார். அதனால் அவளே ஊகித்து ஊகித்துச் செய்தாள். குளிர்கிறதென்று தானே நினைத்துப் போர்த்தினாள், புழுங்குகிறதென்று தானே நினைத்து விலக்கினாள்.

அவருக்கு நல்ல கால் இடது கால்தான். கக்கூசுக்குப் போவதும் நாற்காலியில் மாறி உட்காருவதும் அந்த ஒற்றைக் காலை ஊன்றித்தான். இருபது வருஷமாகச் சர்க்கரை. நகம் வெட்டிவிட்டது இவள்தான், கண்ணில் புரையை வைத்துக்கொண்டு. வெட்டியபோது ஒட்ட வெட்டினாளா, செருப்பு கடித்ததா, யாருக்குத் தெரியும்? கட்டை விரலில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வெந்நீர் விட்டுத் தேய்த்தாள். தரை சில்லென்று இருக்கிறதே என்று காலுறையை மாட்டிவிட்டாள்.

அந்த வாரம் காலையில் அவர் சேஃப் என்று ஆரம்பிக்கவில்லை.

"பிளாக் அண்ட்..."

"புளூ" என்றாள் அவள்.

மறுநாளும் அதேதான். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே "புளூ" என்றாள். அன்றைக்கு மட்டும் பத்துத் தடவை இருக்கும். "புளூதான், புளூதான், எத்தனை தரம் சொல்றது? வகுப்புல வேற பாடமே இல்லையா வாத்தியாரே?" என்று சிரித்தாள். ஒன்பதாம் நாள் காலுறையைக் கழற்றியபோது வந்த வாடைக்கு அவள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் சின்ன வயசு ஆள். காலைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார், அவளைத் தனியே கூப்பிட்டார்.

"முழங்காலுக்குக் கீழே எடுக்கணும்மா. நாளைக்கு மதியத்துக்குள்ள. விட்டா விஷம் மேலே ஏறிடும்."

"எடுத்துட்டா பொழைச்சுடுவாரா?"

"எடுக்கலன்னா ரொம்பக் கஷ்டம்."

"நான் கேட்டதுக்குப் பதில் அது இல்ல தம்பி."

அவர் கொஞ்சம் அசந்துபோய், இறங்கி வந்தார். "சொல்ல முடியாதும்மா. வயசு, சர்க்கரை, ஏற்கெனவே ஒருதரம் வாதம் வந்திருக்கு. மயக்க மருந்தைத் தாங்கணும். மேஜையிலேயேகூட எதுவும் ஆகலாம். நான் மறைச்சுப் பேசல."

"தாங்கிட்டா அப்புறம்? வலது கால் செத்த கால். இதையும் எடுத்துட்டா எதை ஊனுவாரு?"

"ஊன முடியாதும்மா."

சிஸ்டர் காகிதத்தை நீட்டினாள். "அவரால சொல்ல முடியாதுன்னா வீட்டம்மா நீங்க போட்டாப் போதும். பெருவிரல்னாலும் சரி."

அவள் வாங்கவில்லை. சட்டைப் பொத்தானுக்கு நூல் வாங்கக்கூட அவரைக் கேட்டவள். காலை எடுப்பதற்கு அவரைக் கேட்காமல் விரலை வைப்பாளா? அதுவும் உயிரோடு, கண்ணைத் திறந்துகொண்டு, ஆறடி தூரத்தில் படுத்திருக்கும்போது?

அந்த நேரத்தில்தான் காலைப் படம் எடுக்கத் தள்ளுவண்டியோடு எக்ஸ்ரேக்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். படுக்கையைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சார்! நான் சார், மூணாவது பெஞ்சு! இந்த வேலையே நீங்க குடுத்த வாய்ல கெடைச்சது சார்!"

வாத்தியார் அவரை உற்றுப் பார்த்தார். புருவம் ஒன்று மட்டும் உயர்ந்தது.

"ஷார்ட் அண்ட்..."

"ஸ்வீட், சார்!"

"பிளாக் அண்ட்..."

"புளூ, சார்" என்றவர் மேலே கிடந்த போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னய்யா?" என்றாள் அவள். "அதையே பத்து நாளா சொல்றாரு. என்ன அர்த்தம் அதுக்கு?"

"பிளாக்னா கறுப்பு, புளூன்னா நீலம். அடிபட்ட எடம் கன்னிப் போயிருக்கும்ல, ரத்தம் கட்டி... அதைச் சொல்றதும்மா."

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெரலச் சொன்னாராய்யா?"

"தெரியாதும்மா. சார் எழுதிக் குடுத்த நோட்டுல அது மூணாவது ஜோடி. பாடமாவும் இருக்கலாம்."

"பாடம்னா ஒண்ணாவதிலேர்ந்துதான ஆரம்பிப்பாரு?"

"பாடமாவும் இருக்கலாம்மா" என்றார் எக்ஸ்ரேக்காரர் மறுபடியும், கெஞ்சுகிற குரலில்.

காலுறை மாட்டும்போது சொன்னாரா, கஞ்சி ஊட்டும்போது சொன்னாரா என்று அவள் நினைவைப் போட்டு உலுக்கிப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை. தான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. புளூ. புளூ. எத்தனை தரம், என்ன சிரிப்பு!

மகள் போனில் அழுதாள். "அம்மா, டாக்டர் சொல்றதைக் கேளு. விரலை வெச்சுடு. யோசிக்காதே."

"காலு உன்னோடதா, என்னோடதா? நீயும் நானும் பேசி முடிக்கறோம். அவரை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"அப்பாவால சொல்ல முடியாதும்மா."

"சொன்னாருடி. சொல்லியிருப்பாருடி. நான்தான் கிணறு மாதிரித் திரும்பக் கத்தினேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க. காலு அழுகிப் போச்சு. எடுக்கணுங்கறாங்க. இங்க." முழங்காலுக்குக் கீழே கையைக் கத்தி மாதிரி வைத்துக் காட்டினாள். "எடுக்கட்டுமா?"

தலையாட்டினார்.

"வேணாமா?"

தலையாட்டினார்.

"ரெண்டுக்கும் ஆட்டறாரேக்கா!" என்றாள் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி. ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் மணியிலேயே எல்லார் கதையையும் வாங்கிக்கொள்கிற ரகம்.

"இவரு எதுக்கு ஆட்ட மாட்டாரு? பாரு. ஏங்க, உங்க பேரு கத்திரிக்காயா?"

வாத்தியார் ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரி பக்கென்று சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். வேணும்னா ஒருதரம், வேணாம்னா ரெண்டுதரம் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். காகிதத்தில் முழுக் கால் ஒன்று, வெட்டின கால் ஒன்று என்று சிஸ்டர் படம் வரைந்து காட்டினாள். அவர் சிஸ்டரின் பேனாவைப் பார்த்து ஆசையாகக் கையை நீட்டினார்.

சாயங்கால விசிட்டிங் நேரத்தில் எக்ஸ்ரேக்காரர் திரும்ப வந்தார். அவள் அவருக்காகவே காத்திருந்தாள்.

"தமிழ்ல கேட்டா உள்ளே போகலை. அவரு பாடத்துலயே கேட்டுப் பார்ப்போம். வெட்டறதுக்கு உங்க பாஷையில என்னய்யா?"

"வேணாம்மா."

"என்னன்னு கேட்டேன்."

"கட்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அந்த ராகம் அவளுக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது வாரத்துக்கு ஒருதரம் காதில் விழுந்ததுதான். முதல் பெஞ்சு ஆஃப் என்று கத்தும், இரண்டாம் பெஞ்சு டவுன் என்று கத்தும், மூன்றாவது அவுட். ஆனால் பாதியை அவள் போட்டதில்லை. எட்டு மாதத்தில் ஒருதரம்கூட இல்லை. போடுவது அவர் வேலை.

அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் செய்கிற மாதிரியே புருவத்தைத் தூக்கினாள். கையில் சாக்கட்டி இல்லை, ஸ்பூன்தான் இருந்தது. அதை நீட்டினாள்.

"கட்..."

வாத்தியார் அவளையே பார்த்தார். இவள் எப்போது தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள் என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு, தெளிவாக, கோணிய வாயிலிருந்து வந்தது.

"ஆஃப்."

"சொல்லிட்டாரு!" என்று கையைத் தட்டினாள் பக்கத்துப் படுக்கைக்காரி. சிஸ்டர் ஓடிவந்தாள். "ஆஃப்னா எடுத்துடுன்னுதானேம்மா? அவரே சொல்லிட்டாரே! இன்னும் என்ன?" காகிதமும் மைப்பெட்டியும் வந்துவிட்டன. யார் முகத்தைப் பார்த்தாலும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அவள் மட்டும் அசையவில்லை. எல்லாரும் அப்படி ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள அவளுக்கும் ஆசைதான். வாங்கி மடியில் முடிந்துகொண்டு போய்ப் படுத்துவிடலாம். ஆனால் முதல் பெஞ்சு கத்துவதும் ஆஃப்தானே?

"இருங்க" என்றாள். மறுபடி ஸ்பூனை நீட்டினாள்.

"கேரி..."

"ஆன்" என்றார் வாத்தியார்.

"அதுக்கு என்னய்யா அர்த்தம்?"

எக்ஸ்ரேக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "அப்படியே தொடர்ந்து போகட்டும்னு."

"அப்ப வெட்டாதேங்கறாரா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் ஸ்பூனை மறுபடி நீட்டினாள்.

"கிவ்..."

"அப்."

"இது விட்டுடுன்னு. இது எனக்கே தெரியும்" என்றாள் அவள். "எதை விடச் சொல்றாரு? காலையா? உசிரையா? என்னையா? சொல்லுங்கய்யா, படிச்சவங்க இத்தனை பேரு நிக்கறீங்களே."

சிஸ்டர் மைப்பெட்டியை மூடினாள். வாத்தியார் மட்டும் தலையணையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு சுற்றிலும் ஆட்கள், எதிரே நீட்டிய கை, வரிசையாக வந்து விழும் பாதிகள். அந்த அரை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்தது எங்கே என்று ஸ்பூனையே பார்த்தார்.

பிளாக் அண்ட் என்பதை மட்டும் அவள் போடவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அவர் புளூ என்று சட்டென்று சொல்லிவிட்டால் அன்றைக்கும் பாடம்தான் நடத்தினார் என்று ஆகும். சொல்லாமல் தன்னையே பார்த்துவிட்டால்? ஸ்பூனை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சர்ஜன் வந்தார். காய்ச்சல் ஏறியிருந்தது, கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. இனி நேரமில்லை என்று ஒரே வரியில் சொன்னார். சிஸ்டர் காகிதத்தை அட்டைமேல் வைத்துப் பிடித்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"நோயாளி பேச முடியாத நிலையில இருக்கறதால, அவருக்காக மனைவி நான் சம்மதிக்கறேன்னு."

"அவருக்காக இல்ல. என் இஷ்டத்துக்குன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத எடமில்லைம்மா."

"இதுக்கு மட்டும் எடமில்ல" என்றாள் அவள். விரலை அவர்கள்தான் பிடித்து மையில் வைத்து உருட்டினார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, ஒன்றும் ஓடவில்லை.

வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் மேலே ஓடும் விளக்குகளைப் பார்த்தபடி போனார். கதவுக்கு அந்தப் பக்கம் போகிறவரை ஏதோ ஒரு பாதியைச் சொல்லிக்கொண்டே போனார். சக்கரச் சத்தத்தில் அது எது என்று அவளுக்குக் கேட்கவில்லை. கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு ஒரு ஆள் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டான்.

பிழைத்துக்கொண்டார். மயக்க மருந்தையும் தாங்கினார், காய்ச்சலும் இறங்கியது. நல்லா வந்துட்டாரும்மா என்று சர்ஜன் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மகள் போனில் கடவுளையெல்லாம் கூப்பிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரி, "நீங்க எடுத்த முடிவுதான்க்கா காப்பாத்துச்சு" என்றாள். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாய்க்கு அது பெரிய விஷயம்.

மூன்றாம் நாள் அவர் நன்றாகக் கண் திறந்தார். தண்ணீர் குடித்தார். பாதியும் வரவில்லை, கால்வாசியும் வரவில்லை. சிஸ்டர் கட்டுப் பிரிக்க வந்தாள்.

"வலிக்குதான்னு கேளுங்கம்மா."

"கேட்டா ஆட்டுவாரு. வலிக்கலையான்னா அதுக்கும் ஆட்டுவாரு. வலிக்குதுன்னே எழுதிக்கிட்டு மருந்து குடுங்க. இனிமே அவருக்கு வலிக்கறதும் வலிக்காததும் நான் சொல்றதுதான்."

சிஸ்டர் ஊசியைப் போட்டுவிட்டுப் போன பிறகு அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"இங்க பாருங்க" என்றாள். "நான்தான். அவங்க யாரும் இல்ல. பொண்ணும் இல்ல, டாக்டரும் இல்ல. என் வெரலு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. உங்களைக் கேட்டேன், நீங்க பாடம் நடத்தினீங்க. நீங்க கேட்டப்ப நான் பாடம் சொன்னேன். வேற எப்படித்தான் கேக்கறது? சொல்லுங்க, எப்படித்தான் கேக்கறது?"

அவர் முகத்தில் கோபம் இருந்தால் அதையாவது பார்த்துவிடலாம் என்று பார்த்தாள். அசைகிற பாதியும் அசையவில்லை. இடது கை மட்டும் மெல்லப் போர்வைமேல் ஊர்ந்து கீழே போயிற்று. முழங்காலைத் தொட்டது. அதற்குக் கீழே, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், தடவியது. மெத்தையை அழுத்திப் பார்த்தது, மறுபடி முழங்காலுக்கு வந்தது, மறுபடி கீழே போயிற்று.

அவள் அந்தக் கையை எடுத்து அவர் மார்பில் வைத்தாள். கை மறுபடி இறங்கியது. மறுபடி எடுத்து வைத்தாள். அப்புறமும் அது போயிற்று. இந்தத் தரம் அவள் எடுக்கவில்லை. தேடட்டும் என்று விட்டுவிட்டு, போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.